பிட் கேட்டில் எத்தனை கார்? உள்ளூர் ஸ்டாக் கார் டிராக்குகளின் என்ஜின் விதிகள்: ஓர் ஒப்பீடு

என் பக்கத்து வீட்டுக்காரரின் கேரேஜ் மூலையில், பழைய போர்வை போர்த்தியபடி ஒரு ரேஸ் என்ஜின் உட்கார்ந்திருக்கிறது. ஷெவர்லே 350. பதினான்காயிரம் டாலர் செலவழித்துக் கட்டியது. முழுதாக இரண்டு சீசன்கூட ஓடவில்லை. அதற்குள் அவர் ஓட்டிவந்த டிராக் விதியை மாற்றியது. அந்த வகை என்ஜினோடு வருகிறவர் காரில் கூடுதல் எடை ஏற்ற வேண்டும், கார்புரேட்டருக்கு அடியில் காற்றைக் குறைக்கும் தகடு ஒன்றும் போட வேண்டும் என்றார்கள். போட்டுப் பார்த்தார். கடைசி வரிசையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். விற்கலாம் என்றால் கேட்க ஆள் இல்லை. சுற்றுவட்டார டிராக்குகளுக்கெல்லாம் அதே விதி வரப்போகிறது என்று பேச்சு. இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் பேரனை அழைத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறார்.

வட கரோலினாவில் சார்லட் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருடைய பிட்டில், அதாவது டிராக்கில் காரைத் தயார்செய்யும் இடத்தில், டயருக்குக் காற்றுப் பார்ப்பதில் ஆரம்பித்து, ஏழெட்டு வருஷம் எடுபிடி வேலை செய்திருக்கிறேன். ஸ்டாக் கார் என்றால் தெருக் காரை அடிப்படையாக வைத்துக் கட்டிய ரேஸ் கார். டிவியில் வரும் நாஸ்கார் தொடர் வேறு, இது வேறு. கால் மைல், அரை மைல் முட்டைவடிவப் பாதை (ஓவல்), மண்ணாகவும் இருக்கும் தாராகவும் இருக்கும். ஓட்டுகிறவர்கள் வெல்டர், பிளம்பர், பள்ளி வாத்தியார். வின்ஸ்டன்-சேலத்தில் நகராட்சிக்குச் சொந்தமான போமன் கிரே ஸ்டேடியத்தில், கால்பந்துத் திடலைச் சுற்றியுள்ள கால் மைல் பாதையில் 1949 முதல் கோடைச் சனிக்கிழமைகளில் கார்கள் ஓடுகின்றன. ஹிக்கரி டிராக் 1951 முதல் ஓடுகிறது.

இப்படிப்பட்ட டிராக்கின் வயிற்றுப்பாட்டில் பெரும்பங்கு பிட் கேட்டில், கார்களும் அவற்றோடு வருகிறவர்களும் நுழையும் வாசலில், இருக்கிறது. ஒரு கார் உள்ளே வந்தால் ஓட்டுநரோடு நாலைந்து பேர் பிட் சீட்டு வாங்குவார்கள். அவர்களுடைய மனைவி மக்கள் பார்வையாளர் பக்கம் டிக்கெட் வாங்குவார்கள். இருபது கார் வந்த ஒரு ரேஸ் வகுப்பில் பதினொன்றுதான் மிஞ்சினால், போனது ஒன்பது கார் மட்டுமல்ல, ஐம்பது அறுபது தலை. அதனால்தான் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் டிராக் உரிமையாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்: அடுத்த வருஷம் நடுத்தர வகுப்புக்கு எந்த என்ஜினை அனுமதிப்பது? மேல் வகுப்பில் ஓடுகிறவன் எப்படியும் செலவழிப்பான். அடிவகுப்பில் ஓடுகிறவன் எப்படியும் தட்டுமுட்டுச் சாமானோடு வருவான். நடுவில் இருக்கிறவன்தான் விலகிப் போகிறான்.

பழைய நாளில் இந்தக் கேள்வியே கிடையாது. ஷெவர்லேயின் சிறிய வி8 1955-ல் வந்தது. அதன் 350 கன அங்குல வடிவம், அதாவது 5.7 லிட்டர், 1967-ல் வந்தது. அதன்பிறகு கார், பிக்கப், வேன் என்று எதைத் திறந்தாலும் அதுதான் இருந்தது. காயலான் கடையில் நூறு இருநூறு டாலருக்கு ஒன்றைத் தூக்கிவந்து, பிஸ்டன் ரிங் மாற்றி, கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றி, ஓட்டினார்கள். உடைந்தால் இன்னொன்று. விதிப் புத்தகம் சொன்னதால் வந்த சிக்கனம் அல்ல அது. குப்பையில் மலிந்து கிடந்ததால் வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் புதிய எல்எஸ் குடும்ப என்ஜின்களுக்கு மாறத் தொடங்க, பழைய 350 காயலான் கடையில் அருகிப்போனது. நல்ல என்ஜின் பிளாக் கிடைப்பது அரிதானதும், கடையில் புதிதாக வார்த்த பிளாக், வார்ப்பட சிலிண்டர் தலை, ரேஸ் பிஸ்டன் என்று வாங்கிக் கட்டுவது வழக்கமானது. இன்றைய என்ஜின் விதிச் சண்டைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் வழி: கட்டுக்குள் வைத்த திறந்த என்ஜின்

யாரும் கட்டலாம், எங்கும் கட்டலாம். ஆனால் சில கழுத்துகளை மட்டும் நெரிப்போம் என்பது இந்த விதி. இரண்டு வாய் கார்புரேட்டர் மட்டும், அதுவும் பெரும்பாலும் ஹோலி கம்பெனியின் 4412, நிமிடத்துக்கு 500 கன அடி காற்று. அழுத்த விகிதத்துக்கு ஒரு வரம்பு. கேம் வால்வை எவ்வளவு தூக்கலாம் என்று ஒரு வரம்பு. இதில் சொந்தக் கையால் என்ஜின் கட்டத் தெரிந்தவனுக்கு மரியாதை உண்டு. இந்த ஆட்டத்தின் ருசியே அதுதான் என்று சொல்கிறவர்களை நான் மறுக்கமாட்டேன். என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ரகம். வால்வ் இடைவெளி பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தொல்லை என்னவென்றால், வாயைக் கட்டினாலும் பணம் வேறு வழியில் நுழைந்துவிடும். 500 கன அடிக் காற்றுதான் என்றால், அந்தக் காற்றை வீணாக்காமல் எரிக்கும் சிலிண்டர் தலை வாங்க ஐயாயிரம் டாலர். முதல் முந்நூற்றைம்பது குதிரைத்திறன் மலிவு. கடைசி இருபதுதான் கையைச் சுடும். இன்னொன்று, சுற்று வேகம். பிஸ்டனும் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடும் பொறுக்க வேண்டிய விசை, சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 5500-ல் ஓடும் என்ஜினை 7500-க்கு விரட்டினால் அந்த விசை ஏறத்தாழ இருமடங்கு. அதற்கேற்ற ராட், அதற்கேற்ற வால்வ் ஸ்பிரிங், சீசன் முடிந்ததும் பிரித்துக் கோத்தல். வருஷா வருஷம் வரும் இந்தப் பிரிப்புச் செலவை முதல் தடவை வாங்குகிறவன் யோசிப்பதே இல்லை.

அதோடு, சோதிக்க முடியாத விதி விதியல்ல. சனி இரவு பதினோரு மணிக்கு, ஒரே ஒரு சோதனையாளர், கையில் டார்ச் லைட். தலையைக் கழற்றி உள்ளே அளக்க யாருக்குப் பொறுமை? இந்த வழியில் போகும் டிராக்குகளில் எனக்குப் பிடித்த விதி வெற்றிட அளவு விதிதான். என்ஜின் ஐடிலில், கார் நிற்கையில் மெதுவாக, ஓடும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் இத்தனை அங்குல வெற்றிடம் காட்ட வேண்டும், அவ்வளவே. முரட்டுக் கேம் போட்டவன் அந்த அளவைத் தொடமுடியாது. ஒரு குழாயைச் செருகி இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது வழி: பெட்டி என்ஜின்

மரப்பெட்டியில் வைத்து ஷோரூமிலிருந்து வருவதால் கிரேட் என்ஜின் என்கிறார்கள். நான் பெட்டி என்ஜின் என்றே சொல்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் 2000-களின் தொடக்கத்தில் ஓவல் ரேஸுக்கென்றே இவற்றை விற்க ஆரம்பித்தது. பாகத்தின் எண்ணில் கடைசி மூன்று இலக்கம்தான் பெயர். 602: இரும்புத் தலை, சுமார் 350 குதிரைத்திறன். 604: அலுமினியத் தலை, சுமார் 400. ஃபோர்டும் 347 கன அங்குலத்தில் சீல் வைத்த என்ஜின்கள் விற்றது. ஆயில் பேன், தலை, இன்டேக், முன்மூடி எல்லாவற்றிலும் முறுக்கும்போது கொண்டை முறிந்துபோகும் விசேஷ போல்ட் போட்டு ஆலையிலேயே சீல் வைத்துவிடுவார்கள். திறந்தால் தெரிந்துவிடும். சோதனையாளருக்கு வேலை மிச்சம்: போல்ட்டைப் பார், கார்புரேட்டரைப் பார், வீட்டுக்குப் போ.

602 இன்று சுமார் ஐந்தாறாயிரம் டாலர். 604 எட்டு ஒன்பதாயிரம். 602 சுமார் 5400 சுற்றிலேயே உச்ச சக்தியைக் கொடுத்துவிடும். அதற்குமேல் விரட்டிப் பயனில்லை என்பதால் யாரும் விரட்டுவதில்லை. நீடித்து உழைப்பதன் ரகசியம் அதுதான். நியூயார்க் மாநிலத்து மண் டிராக்குகளில் ஓடும் ஸ்போர்ட்ஸ்மேன் மாடிஃபைடு வகுப்பு (மாடிஃபைடு என்றால் முன்சக்கரங்கள் வெளியே தெரியும் ரேஸ் கார்) இந்த 602-ஐ நம்பியே நிற்கிறது. அதே மாநிலத்தின் ஆஸ்வீகோவில் வருஷா வருஷம் நடக்கும் சூப்பர் டர்ட் வீக் என்ற பந்தய வாரத்தில் கூட்டமாகக் கார் வருகிற வகுப்புகளில் அதுவும் ஒன்று.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டிய என்ஜின் பதினான்காயிரம், மூன்று சீசனில் பிரித்துக் கோத்தது ஆறாயிரம், கடைசியில் ஐயாயிரத்துக்கு விற்றால், வருஷத்துக்கு ஐயாயிரம். பெட்டி என்ஜின் ஐயாயிரத்து ஐந்நூறு, பராமரிப்பு ஆயிரத்து ஐந்நூறு, மூவாயிரத்துக்கு விற்றால், வருஷத்துக்கு ஆயிரத்து முந்நூறு சொச்சம். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான், கதை முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. ஒரு செட் டயரைப் பாருங்கள். ரேஸ் டயர் ஒன்று நூற்றைம்பதிலிருந்து இருநூறு டாலர். வருஷத்தில் இருபது இரவு ஓட்டி, இரண்டு இரவுக்கு ஒருமுறை நாலு புது டயர் மாட்டினால் நாற்பது டயர், ஆறாயிரத்திலிருந்து எண்ணாயிரம். முழு 602-இன் விலை ஒவ்வொரு வருஷமும் புகையாகப் போகிறது. எல்லோருக்கும் ஒரே என்ஜின் என்றதும் ஜெயிக்க வேறு இடம் தேடுவார்கள்: ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், இன்னும் புதிய டயர். பெட்டி என்ஜின் வகுப்பில் என்ஜினைவிட விலையான ஷாக் செட் மாட்டிய காரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே, டயருக்கு விதி போடாமல் என்ஜினுக்கு மட்டும் விதி போடுகிற டிராக், கூரையை ஓட்டையாக விட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடுகிறது.

சீலும் புனிதமானதல்ல. போலி போல்ட் செய்கிறவர்கள் கிளம்பினார்கள். அதனால் பல ரேஸ் தொடர்களை நடத்துகிறவர்கள் ஆலை போல்ட்டை நம்பாமல், தாங்களே அங்கீகரித்த கடைகளில் மட்டும் பிரித்துக் கோத்து, எண் பொறித்த சொந்தக் கம்பி சீல் வைக்கிறார்கள். இன்னொரு ஆபத்து, ஒரே ஆலையை நம்பி நிற்பது. 2021, 2022-ல் புது 602 கிடைக்காமல் ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பழைய என்ஜினுக்கெல்லாம் திடீரென்று மவுசு வந்தது.

மூன்றாவது வழி: பிடித்தால் எடுத்துக்கொள்

எல்லாவற்றிலும் அழகான யோசனை இதுதான். அமெரிக்காவில் இன்றும் இயங்கும் ரேஸ் அமைப்புகளில் மிகப் பழையது ஐஎம்சிஏ, 1915-ல் தொடங்கியது. கீத் நாக் என்பவர் கையில் அது வந்தபிறகு, 1979-ல் ஐயோவா மாநிலத்தின் விண்டன் ஊரில் மாடிஃபைடு வகுப்பைத் தொடங்கினார்கள். அதன் அச்சாணி கிளெய்ம் விதி. முன்னால் முடித்தவனின் என்ஜினை, அதே ரேஸில் ஓடிய இன்னொருவன், விதிப் புத்தகத்தில் போட்டிருக்கும் விலையைக் கொடுத்து அன்றிரவே வாங்கிக்கொள்ளலாம். ஆரம்ப காலத்தில் அந்த விலை சில நூறு டாலர்தான். தரமாட்டேன் என்றால் பரிசுப் பணம், புள்ளிகள் போகும், தடையும் வரும்.

கணக்கு புரிகிறதா? பத்தாயிரம் டாலர் என்ஜினை மாட்டிக்கொண்டு வருகிறவன், ஜெயித்த இரவே அதைச் சில நூறுக்கு இழக்கலாம். அதனால் யாரும் பத்தாயிரம் போடமாட்டான். சோதனையாளர் வேண்டாம், அளவுகோல் வேண்டாம், பேராசையே போலீஸ் வேலை பார்க்கும். பல வருஷம் பார்க்கவும் செய்தது. அந்த மாடிஃபைடு நாடு முழுக்கப் பரவியதற்கு இந்த விதி ஒரு பெரிய காரணம்.

ஆனால் சின்ன ஊரில் இது எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜெயித்தவன் உங்கள் மச்சினனுக்கு வேலை கொடுத்தவன். போன மாதம் உங்கள் டிரெய்லர் பழுதானபோது தன் டிரக்கை அனுப்பியவன். அவனுடைய என்ஜினை எல்லோர் முன்னாலும் கிரேன் போட்டுத் தூக்கிக்கொண்டு போகப் போகிறீர்களா? முடியாது. யாராவது தூக்கிவிட்டாலும், அடுத்த வாரம் பழிக்குப் பழியாக அவனுடையது போகும், அதற்கடுத்த வாரம் சுவரில் இடித்துத் தள்ளுவான். ஆகவே கிளெய்ம் செய்யக்கூடாது என்று வாய்திறக்காத உடன்பாடு வந்துவிடும். அது வந்த அடுத்த கணம் பெரிய என்ஜின் திரும்ப வந்துவிடும். நான் பிட்டில் இருந்த வருஷங்களில் ஒரே ஒரு கிளெய்ம் பார்த்தேன். வாங்கியவர் வெளியூர்க்காரர். இரண்டாம் தடவை அவர் அந்த டிராக்குக்கு வரவில்லை.

வாரம் வேறு வேறு ஊரில் ஓடி, ஒருவரையொருவர் அதிகம் தெரியாத பெரிய தொடருக்கு இது பொருந்தும். முப்பது வருஷமாக ஒரே இருபது குடும்பம் ஓட்டும் டிராக்குக்கு ஒத்துவராது.

நான்காவது வழி: தொடாதே

ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. அமெரிக்கப் படங்களில் துரத்தி வருமே, அந்தப் போலீஸ் கார். 4.6 லிட்டர் வி8, பின்சக்கர ஓட்டம், கனத்த ஃபிரேம். போலீஸ் ஏலத்தில் விலைக்கு வந்தது. கண்ணாடியை எடுத்து, உள்ளே குழாய்க் கூண்டு வெல்டு செய்து, சீட்டும் பெல்ட்டும் போட்டு ஓட்டலாம். என்ஜினைத் தொடக்கூடாது. இதற்கும் கீழே முன்சக்கர ஓட்ட நாலு சிலிண்டர் வகுப்பு: சிவிக், நியான், கேவலியர். ஒரு நல்ல கட்டிய என்ஜினின் விலையில் பாதிக்கு முழுக் காரும் தயார். பதினேழு வயதுப் பையன்களும், அவர்களோடு போட்டிபோடும் அப்பாக்களும் இங்கேதான் இருக்கிறார்கள். பார்வையாளர்கள் சத்தம் போடுவதும் இங்கேதான்.

கோவையில் கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரைச் செய்தாரே, அதிலும் இதே புத்திதான்: தெருவில் மலிந்து கிடப்பதை எடு, எல்லோருக்கும் ஒன்றே கொடு. ஆனால் தெருவில் கிடப்பது என்றைக்கும் கிடக்காது. கிரவுன் விக்டோரியா தயாரிப்பு 2011-ல் நின்றது. கேவலியர் 2005-லேயே. பழைய 350-க்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரும். அந்த வகுப்பைத் தொடங்கும் டிராக், பத்து வருஷத்துக்கு மேல் அதை எண்ணிக் கடன் வாங்கக்கூடாது.

நான் முடிவெடுப்பதாக இருந்தால்

பெரும்பாலான டிராக்குகள் உண்மையில் செய்வது இந்த நான்கில் எதுவும் இல்லை. யாரையும் இழக்கப் பயந்து எல்லாவற்றையும் கலக்கிறார்கள். கட்டிய என்ஜினா, வா, ஆனால் நூறு பவுண்டு அதிகம் ஏற்று. 602-ஆ, வா, எடையில் சலுகை, பெரிய கார்புரேட்டர் போட்டுக்கொள். பேப்பரில் நியாயமாகத் தெரியும். ஆனால் யார் ஜெயித்தாலும் மற்றவர் எடைத்தட்டைக் காட்டிக் குறை சொல்வார். டிராக் ஜூலையில் இருபத்தைந்து பவுண்டு கூட்டும், ஆகஸ்டில் குறைக்கும். ஒவ்வொரு திருத்தமும் யாரோ ஒருவருடைய கேரேஜில் இருக்கும் என்ஜினின் விலையை மாற்றுகிறது.

என் கணக்கில் இதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு. மேலே சொன்ன கட்டிய என்ஜினை ஐயாயிரத்துக்கு விற்க முடியாமல் போனால், இரண்டாம் வருஷமே ஓரம்கட்ட வேண்டி வந்தால், வருஷத்துக்கு ஐயாயிரம் என்பது எட்டு ஒன்பதாயிரம் ஆகிவிடும். விலை ஏறவில்லை, விதிதான் நகர்ந்தது. பதினான்காயிரத்தைப் பொறுத்துக்கொண்ட பலர், அது ஒரே இரவில் பழைய இரும்பாவதைப் பொறுக்காமல் விலகிப் போனார்கள். அதேபோல, ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும் மூன்று டிராக்கும் மூன்று விதி வைத்திருந்தால் என்ஜின் எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை. இங்கே மழை பெய்து ரத்தானால் அங்கே போய் ஓட்ட முடியாது. விற்பனைக்கு ஆளும் பாதிதான்.

ஆகவே நடுத்தர வகுப்புக்கு என் ஓட்டு 602-க்கு. அது மிகச் சிறந்த என்ஜின் என்பதால் அல்ல. ஷெவர்லேக்காரன் அல்லாதவனுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், என்ஜின் கட்டத் தெரிந்தவனுக்குக் கை கட்டிப்போட்டது போலத்தான் இருக்கும். ஆனால் அண்டை டிராக்குகளும் அதையே எடுக்க வாய்ப்பு அதிகம், பழையதை விற்க முடியும், சோதிக்க ஒருவர் போதும். கட்டிய என்ஜின் வைத்திருக்கிறவர்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம், அந்த இரண்டு வருஷமும் எடையை ஒரு பவுண்டுகூட மாற்றக்கூடாது. ஒரு இரவுக்கு இரண்டு புது டயருக்கு மேல் இல்லை, டிராக்கே முத்திரை குத்தி விற்க வேண்டும். அடிவகுப்புக்குக் கிரவுன் விக்டோரியா, கிடைக்கும் வரை. மேல் வகுப்பைத் தொடவே மாட்டேன். நாற்பதாயிரம் டாலர் என்ஜினோடு வருகிறவர்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள், அவர்களுடைய விதியை ஒரு டிராக் தனியாகத் தீர்மானிக்க முடியாது. இவ்வளவையும் எழுதி, ஐந்து வருஷத்துக்கு மாறாது என்று முதல் பக்கத்திலேயே அச்சடிப்பேன்.

போன மாதம் ஒருவர் வந்து அந்தப் போர்வையை விலக்கிப் பார்த்தார். ரேஸுக்கு இல்லை, பழைய ஷெவி பிக்கப் ஒன்றைப் புதுப்பிக்கிறாராம். மூவாயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தாடையைச் சொறிந்தபடி, நவம்பரில் புது விதிப் புத்தகம் வருகிறது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.